ஓடாத எஸ்.டி.பி.யை ஓடவைப்பது எப்படி? அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான வழிகாட்டி

இந்திய நகரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதற்காகக் கட்டப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் (எஸ்.டி.பி.) கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவதோ 2,024 கோடி லிட்டர்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கு இது. நிலையங்கள் போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டி முடித்ததிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சும்மா கிடக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

நகராட்சி நிலையங்கள் முடங்கக் காரணங்கள் பல: பாதாளச் சாக்கடை இணைப்பு வராதது, மின்வெட்டு, ஆள் பற்றாக்குறை, சேற்றைக் கொட்ட இடமில்லாதது. இவற்றைத் தீர்ப்பது அரசின் கையில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் இருக்கும் சிறு நிலையங்கள் அப்படியல்ல. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குப் பிறகு, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி கட்டாயமானது. அந்த அனுமதியோடு சேர்ந்தே எஸ்.டி.பி.யும் வந்தது. பில்டர் கட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துடையது. சங்கமும் ஆபரேட்டரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் மட்டுமே இங்கே உள்ளன.

கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றால் நாளுக்கு 1,08,000 லிட்டர். அதில் 80 முதல் 85 சதவீதம் கழிவுநீராக வரும். கொஞ்சம் கூடுதலாக வைத்து 100 கன மீட்டர் நிலையம் கட்டியிருப்பார்கள். நுண்ணுயிர்கள் கழிவைத் தின்பதற்காக, புளோயர் என்னும் இயந்திரம் காற்றை ஊதும் காற்றூட்டத் தொட்டி 80 கன மீட்டர். உங்கள் நிலையம் இதில் பாதி என்றால் கீழே வரும் கன மீட்டர், கிலோ அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். நேரங்களும் செறிவுகளும் மாறாது. இங்கே சொல்வது நீடித்த காற்றூட்ட முறையில் ஓடும் நிலையங்களுக்கு. நம் ஊர்க் குடியிருப்புகளில் பரவலாக இருப்பது இதுதான். ஒரே தொட்டியில் மாறிமாறிக் காற்றூட்டித் தெளியவிடும் எஸ்.பி.ஆர். வகைக்கும் பெரும்பகுதி பொருந்தும். பிளாஸ்டிக் மீடியா போட்ட எம்.பி.பி.ஆர். வகையில் நுண்ணுயிர்கள் மீடியாவில் ஒட்டி வளர்வதால், அளவுகுடுவைச் சோதனையின் எண்கள் அதற்குப் பொருந்தாது.

எதையும் திறக்கும் முன்

பல நாள் நின்றுபோன நிலையத்தின் அடிச்சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். புளோயரைப் போட்டதும் சேறு கலங்கி, வாயு ஒரே நேரத்தில் மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்து, பிறகு திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. பத்து லட்சத்தில் 100 பங்கு அளவிலேயே இந்த வாயு மூக்கை மரக்கச் செய்துவிடும். அதனால் முதல் நாள் அடித்தளத்தின் எல்லாக் கதவுகளையும் திறந்து, எக்ஸாஸ்ட் விசிறியை அரை மணி நேரம் ஓடவிட்டு, யாரும் உள்ளே இல்லாதபோது வெளியிலிருந்து புளோயரைப் போட வேண்டும். வாயு அளவி வைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும்.

தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். முகமூடி போட்டும் இறக்காதீர்கள். துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசரோ பம்போ அடியில் சிக்கினால் மேலிருந்தே தூக்கும்படி மாற்றியமைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைச் சங்கம் தயங்காமல் செய்யவேண்டும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 20 அக்டோபர் 2023 அன்று தீர்ப்பளித்தது. எந்தத் தொகையும் அந்த உயிருக்கு ஈடாகாது.

ஒரு லிட்டர் அளவுகுடுவை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் அளவுகுடுவை இல்லாமல் எஸ்.டி.பி.யை ஓட்டவே முடியாது. பல நிலையங்களில் லட்சக்கணக்கில் செலவழித்த வடிகட்டிகள் இருக்கும், இது இருக்காது.

காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது, காற்றூட்டத் தொட்டியில் கழிவுநீர் நுழையும் இடத்திலிருந்து தள்ளி, சேற்றைப் படியவைத்துப் பிரிக்கும் படிவுத் தொட்டிக்குப் போகும் வாய்க்குப் பக்கத்தில், நுரையை ஒதுக்கிவிட்டு ஓர் அடி ஆழத்திலிருந்து மாதிரி எடுங்கள். குடுவையை ஒரு லிட்டர் கோடுவரை நிரப்பி, வெயில் படாத, அதிராத இடத்தில் வையுங்கள். 5-ஆவது நிமிடத்திலும் 30-ஆவது நிமிடத்திலும் அடியில் படிந்த சேற்றின் உயரத்தைப் படித்து எழுதுங்கள். தினமும் அதே நேரத்தில் இதைச் செய்ய வேண்டும்.

30 நிமிடத்தில் 250 முதல் 400 மில்லி லிட்டர் வரை படிந்து, மேலே தெளிந்த நீர் நின்று, சேறு காப்பித்தூள் நிறத்தில் மண்வாசனையோடு இருந்தால் நிலையம் நலமாக இருக்கிறது. லிட்டருக்கு 3,000 முதல் 4,000 மில்லிகிராம் நுண்ணுயிர்ச் சேறு இருக்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம்.

100-க்குக் கீழே படிந்து மேலே கலங்கலாக நின்றால் தொட்டியில் நுண்ணுயிர் போதவில்லை. சேறு படிவுத் தொட்டி வழியாக வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது வளரவே இல்லை. கறுப்பாக, நாற்றத்தோடு இருந்தால் காற்று போதவில்லை.

700, 800 என்று நின்றால் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். அதே மாதிரியில் அரை லிட்டர் எடுத்து, வெளியேறும் தெளிந்த நீர் அரை லிட்டர் சேர்த்து, மறுபடி 30 நிமிடம் வையுங்கள். அளவு பாதியைவிட வெகு கீழே, 250, 300 என்று இறங்கினால் தொட்டியில் சேறு மிதமிஞ்சிக் கிடக்கிறது. வெளியே எடுத்தால் சரியாகும். கலந்த பிறகும் 400-க்குக் கீழே இறங்க மறுத்தால் இழைபோல் வளரும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன. அதற்குக் காற்றுக் குறைவு, எண்ணெய், அழுகிய கழிவுநீர் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பிரித்துப் பார்க்காமல் சேற்றை அள்ளி வெளியே கொட்டினால் இரண்டாவது வகை இன்னும் மோசமாகும்.

படித்து முடித்த குடுவையை அப்படியே விட்டு வையுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துச் சேறு கட்டியாக மேலே மிதந்தால் கவலையில்லை. நீரிலுள்ள நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாக மாறிச் சேற்றைத் தூக்குகிறது, அவ்வளவுதான். 45 நிமிடத்துக்குள்ளேயே மிதந்தால் படிவுத் தொட்டியிலும் அதுவே நடக்கும். அங்கே சேறு தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

காற்று

100 கன மீட்டர் கழிவுநீரில் பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் மக்கவைக்கக்கூடிய கழிவின் அளவுகோல்) லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 25 கிலோ. அதையும் அம்மோனியாவையும் எரிக்க ஏறக்குறைய 50 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஊதும் காற்றிலுள்ள ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குதான் அழுக்கு நீரில் கரையும். ஆகவே மணிக்குச் சுமார் 75 முதல் 100 கன மீட்டர் காற்று, நாள் முழுக்க. புளோயர் தகட்டில் எழுதியிருக்கும் அளவை இதோடு ஒப்பிடுங்கள். அது, வரும் கழிவுநீரைப் பிடித்துவைக்கும் சமநிலைத் தொட்டியையும், வெளியே எடுத்த சேறு சேரும் சேற்றுத் தொட்டியையும் சேர்த்து ஊதுகிறது என்றால் அந்தப் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இரவில் புளோயரை நிறுத்துவதுதான் நாம் காணும் தவறுகளில் மிகப் பரவலானது. மின்கட்டணத்துக்காகச் செய்கிறார்கள், 3 கிலோவாட் புளோயரை 8 மணி நேரம் நிறுத்தினால் மிச்சமாவது 24 யூனிட். நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் கால் மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். மூன்று நான்கு மணி நேரத்தில் சேறு அழுகத் தொடங்கும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. தினமும் இப்படி மூச்சை அடைத்தால் அவை நிலைக்கவே மாட்டா. காலை ஆறு மணிக்கு, குளியலும் சமையலும் சேர்ந்து பெருவரத்து வரும் நேரத்தில், அரை உயிரோடு கிடக்கும் தொட்டிக்குள் அந்த நீர் நுழைகிறது.

மின்சாரம் மிச்சப்படுத்த நல்ல வழி இருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் அளவியால் காலை 8 மணிக்கும் நள்ளிரவிலும் அளந்து பாருங்கள். பெருவரத்து நேரத்தில் 1.5 முதல் 2 வரை இருந்தால் போதும். நள்ளிரவில் 4, 5 என்று ஏறினால் அந்த நேரத்தில் மட்டும் டைமர் வைத்து 2 மணி நேரம் ஓட்டி 30 முதல் 45 நிமிடம் நிறுத்தலாம். வேகத்தைக் குறைக்கும் வி.எஃப்.டி. இருந்தால் இன்னும் நல்லது. பாதி வீடுகளில் ஆள் வராத புதிய குடியிருப்புகளுக்கு இது மிகவும் தேவை. அங்கே உணவு குறைவு, காற்று அதிகம். சேறு தன்னைத்தானே தின்று பொடிப்பொடியாகி நீரோடு போய்விடும்.

மின்வெட்டுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புளோயரையாவது அதில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, பலர் கவனிக்காதது: சாதாரண ஸ்டார்ட்டர் மின்சாரம் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. இரவு 11 மணிக்கு ஐந்து நிமிடம் போன மின்சாரத்தால் புளோயர் காலை வரை நின்றுகிடக்கும். நேரம் கடத்தி மறுபடி இயக்கும் ரிலே ஒன்றைப் போட்டால் இது தீரும்.

காற்று போகிறதா என்பதைப் பிரஷர் கேஜ் சொல்லும். டிஃப்யூசருக்கு மேல் 3.5 மீட்டர் நீர் என்றால் அதற்கே சதுர சென்டிமீட்டருக்கு 0.35 கிலோ அழுத்தம் வேண்டும்; குழாய், டிஃப்யூசரை மூடிய மெம்பிரேன் (நுண்துளை ரப்பர்) தடையெல்லாம் சேர்த்து 0.40, 0.42 காட்டும். புதிதாகப் போட்டபோது காட்டிய எண்ணைச் சுவரில் பெயிண்டில் எழுதி வையுங்கள். அது 0.50 நோக்கி ஏறினால் மெம்பிரேன் அடைத்துக்கொண்டிருக்கிறது. இறங்கினால் குழாய் கசிகிறது, அல்லது மெம்பிரேன் கிழிந்திருக்கிறது, அல்லது பெல்ட் நழுவுகிறது. நீர்ப்பரப்பும் பேசும்: சீராகப் பொடிக்குமிழி வந்தால் நலம், ஓரிடத்தில் கொதிப்பதுபோல் பொங்கினால் அங்கே கிழிசல், ஒரு மூலை அசையாமல் கிடந்தால் அங்கே அடைப்பு. ரப்பர் மெம்பிரேனுக்கு ஆயுள் 3 முதல் 5 ஆண்டுகள். அதற்கான பணத்தை முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்குங்கள். புளோயரின் ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தாலே பாதிக் கோளாறு வராது.

தொட்டியிலிருந்து தொட்டிக்கு: பம்பின் வேகம்

கழிவுநீர் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. காலை 6 முதல் 10 வரை மொத்தமாக வரும். அதைப் பிடித்துவைத்துச் சீராக அனுப்பத்தான் சமநிலைத் தொட்டி. குறைந்தது 6 மணி நேர வரத்தைத் தாங்க வேண்டும். பில்டர் இடத்தைக் குறைக்கும்போது முதலில் சுருக்குவது இதைத்தான்.

100 கன மீட்டரை 20 மணி நேரத்தில் அனுப்புவதென்றால் மணிக்கு 5 கன மீட்டர். ஆனால் கழிவுநீர் பம்ப் அடைக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக மணிக்கு 15 கன மீட்டர் பம்ப் போட்டு, ஃப்ளோட் சுவிட்ச் வைத்திருப்பார்கள். நீர் ஏறும்போதெல்லாம் பம்ப் 15 கன மீட்டர் வேகத்தில் தள்ளும். 5 கன மீட்டருக்காகக் கட்டிய படிவுத் தொட்டி தாங்காது. படிந்த சேறெல்லாம் கலங்கி வெளியே அடித்துக்கொண்டு போகும். ஆபரேட்டர் நுண்ணுயிர் சரியில்லை என்பார், விற்பனையாளர் பாக்டீரியாப் பொடி விற்பார். கோளாறு ஒரு வால்வில் இருக்கும்.

பம்பின் வெளியேற்றுக் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, ஒரு கிளையைச் சமநிலைத் தொட்டிக்கே திருப்புங்கள். இரண்டிலும் வால்வு. காற்றூட்டத் தொட்டியில் விழும் நீரை 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். வாளி நிரம்ப 14 அல்லது 15 விநாடி ஆனால் மணிக்கு 5 கன மீட்டர் போகிறது. அந்த இடத்தில் வால்வு கைப்பிடிக்குப் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். மாதம் ஒருமுறை வாளி வைத்துச் சரிபாருங்கள். துணியும் முடியும் சிக்கி வால்வு மெல்ல அடைக்கும். திரும்பும் நீர் சமநிலைத் தொட்டியைக் கலக்கிவிடும் என்பது கூடுதல் நன்மை. ஆனாலும் அங்கே பெருங்குமிழி டிஃப்யூசர் ஓடியே ஆகவேண்டும். ஓடாவிட்டால் கழிவுநீர் அங்கேயே அழுகி, குடியிருப்பு முழுக்க நாறும்.

சேறு: திருப்பி அனுப்புவதும் வெளியே எடுப்பதும்

படிவுத் தொட்டியின் அடியில் சேரும் சேற்றைத் தொடர்ந்து காற்றூட்டத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். அளவு, வரத்துக்குச் சமம். அதாவது மணிக்கு 5 கன மீட்டர். அடியில் இரண்டு மூன்று மணி நேரம் தேங்கினால் சேறு மிதக்கும், அழுகும். திரும்பும் குழாயின் வாயைப் பார்த்தாலே தெரியும்: கெட்டியான பழுப்பு நிறத்தில் வர வேண்டும். வெறும் தண்ணீர் வந்தால் அடிக்கூம்பில் சேறு மூலைகளில் ஒட்டிக்கொண்டு நடுவில் குழி விழுந்திருக்கிறது. கூம்பின் சரிவு 60 டிகிரிக்குக் குறைவாகக் கட்டிய தொட்டிகளில் இது வாடிக்கை. நீண்ட கம்பில் கட்டிய ரப்பர் துடைப்பானால் மேலிருந்தே நாளுக்கு ஒருமுறை சுவரை வழித்துவிட வேண்டும். காற்றால் சேற்றை மேலே தூக்கும் ஏர்லிஃப்ட் குழாய் துணியால் அடைத்தால், மேல் வாயை மூடிக் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

வெளியே எடுப்பதுதான் நிலையங்களின் உயிர்நாடி. அதைத்தான் யாரும் செய்வதில்லை. 25 கிலோ பி.ஓ.டி. எரிந்தால் நாளுக்கு 12 முதல் 13 கிலோ உலர் எடையளவு புதிய சேறு உருவாகியே தீரும். அதை எடுக்காவிட்டால் அது எங்கும் மறையாது. சுத்திகரித்த நீரோடு கலந்து மணல் வடிகட்டிக்கும், ஃப்ளஷ் தொட்டிக்கும், தோட்டத்துக்கும் போகும். "எங்கள் நிலையத்தில் சேறே வராது" என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்பாதீர்கள். கழிவுநீரோடு தினமும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் தாமாகவே வருவதால், பொடி வாங்கிப் போடவும் தேவையில்லை.

திரும்பும் சேறு லிட்டருக்கு 7 கிராம் கெட்டியாக இருந்தால், நாளுக்கு 1.5 முதல் 2 கன மீட்டர் எடுத்துச் சேற்றுத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை மொத்தமாக எடுப்பதைவிட தினமும் எடுப்பதே நல்லது. அளவை முடிவு செய்வது குடுவை: எண் 400-ஐத் தாண்டினால் சற்றுக் கூட்டுங்கள், 250-க்குக் கீழே போனால் நிறுத்துங்கள். பல மாதம் எடுக்காமல் 800-இல் நிற்கும் நிலையத்தில் ஆத்திரப்பட்டு ஒரே நாளில் பாதியை அள்ளக் கூடாது. ஒரு நாளில் மொத்தச் சேற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் மிச்சமுள்ள நுண்ணுயிர்கள் வரத்தைத் தாங்கா. நாளுக்கு 3 முதல் 4 கன மீட்டர் என்று எடுத்தால் இரண்டு வாரத்தில் சரியான இடத்துக்கு வரும்.

சேற்றுத் தொட்டியிலும் காற்று ஓட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்தித் தெளியவிட்டு, மேல்நீரைச் சமநிலைத் தொட்டிக்கு வடித்தால் கன அளவு பாதியாகும். சேற்றைப் பிழிந்து நீரைப் பிரிக்கும் ஃபில்டர் பிரஸ் இருந்தால், சேற்றைத் திரளவைக்கும் பாலிஎலக்ட்ரோலைட்டை 0.1 சதவீதக் கரைசலாகக் கலந்து, உலர் சேறு கிலோவுக்கு 4 முதல் 6 கிராம் சேருங்கள். கட்டி சேராமல் பிரஸ் துணியை அடைக்கிறது என்றால் மருந்து கூடிவிட்டது அல்லது சரியாகக் கரையவில்லை. தூளை ஒரே குவியலாகக் கொட்டாமல் கலக்கிக்கொண்டே தூவ வேண்டும். நாளுக்குச் சுமார் 65 கிலோ ஈரக்கட்டி கிடைக்கும். அதை நேராகச் செடிக்குப் போடாதீர்கள்; குடற்புழு முட்டைகள் அதில் பல மாதம் உயிரோடிருக்கும். சூடேறும்வரை கம்போஸ்ட் செய்த பிறகு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

பிரஸ் இல்லாத இடங்களில் 6,000 லிட்டர் லாரி வாரம் ஒருமுறை வர வேண்டியிருக்கும். லாரி எங்கே இறக்குகிறது என்பதும் சங்கத்தின் பொறுப்பே. சென்னையில் குடிநீர் வாரியத்தின் நிலையங்களில் லாரி இறக்கும் இடங்கள் உண்டு. இறக்கியதற்கான சீட்டைக் காட்டினால்தான் பணம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சேறு இரவோடு இரவாக ஏரிக்கரையிலோ மழைநீர் வடிகாலிலோ போய்ச் சேரும்; நீங்கள் சுத்திகரித்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

வெறும் தொட்டியிலிருந்து தொடங்குவதானால்

80 கன மீட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சேறு வேண்டுமென்றால் 80 கிலோ. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.டி.பி.யின் கெட்டிச் சேறு 8 கன மீட்டர், அதாவது ஒரு பெரிய லாரி, போதும். சாணம் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாணத்தின் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் காற்றில்லாமல் வாழ்பவை. அதன் நாரும் வைக்கோலும் டிஃப்யூசரையும் ஏர்லிஃப்டையும் அடைப்பதுதான் மிச்சம். முதல் மூன்று நாள் வரத்தில் பாதியை மட்டும் அனுப்பி, பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் இரண்டு வாரம் வெள்ளை நுரை பொங்கும். சோப்பை உடைக்கும் அளவுக்கு நுண்ணுயிர் வளரவில்லை என்பதே காரணம். நீர் தெளித்து அடக்குங்கள், நுரைகொல்லி வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் குடுவை 250-ஐத் தொடும். அதுவரை சேற்றை வெளியே எடுக்கக் கூடாது.

வீடுகளிலிருந்து வருபவை

எண்ணெய்ப் பொறியை வாரம் இருமுறை வழித்தெடுக்காவிட்டால் கெட்டியான பழுப்பு நுரை அடையாகக் கட்டும். அது தண்ணீருக்கு மசியாது. மேலிருந்து அள்ளி வெளியேற்ற வேண்டும், திருப்பி உள்ளே விடக் கூடாது. நாப்கினும் ஈரத்துடைப்பானும் கம்பிச் சல்லடையில் நிற்க வேண்டியவை. சல்லடையை நாளுக்கு இருமுறை வாரவில்லை என்றால் ஆபரேட்டர் கம்பியையே தூக்கி வைத்துவிடுவார், எல்லாம் பம்புக்குள் போகும்.

வீட்டுக்கு வீடு கொஞ்சம் ஆசிட், பினாயில் ஊற்றுவதை நிலையம் தாங்கும். தண்ணீர்த் தொட்டி கழுவும் அன்று மொத்தமாக வரும் பிளீச்சிங் நீரையும், கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரை உப்புப் போட்டு மீட்கும்போது வரும் உப்புநீரையும் தாங்காது. இவற்றின் குழாயை எஸ்.டி.பி.யிலிருந்து பிரிக்க வேண்டும். காரணம் தெரியாமல் வாரத்தில் ஒரே கிழமையில் நீர் கலங்குகிறது என்றால் முதலில் சாஃப்ட்னர் அறைக்குப் போய்ப் பாருங்கள்.

மீஞ்சூர், நெம்மேலி போன்ற கடல்நீர்க் குடிநீர் நிலையங்களின் தண்ணீர் வரும் பகுதிகளில் இன்னொன்று நடக்கும். அந்த நீரில் காரத்தன்மை குறைவு. அம்மோனியா நைட்ரஜன் ஒரு கிராம் மாறும்போது 7 கிராம் காரத்தன்மை தீர்கிறது. தீர்ந்ததும் தொட்டியின் பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கி, சேறு பொடியாகி, நீர் கலங்கலாகவே நிற்கும். தினமும் பி.எச். பாருங்கள். இறங்கினால் முன்பு சொன்ன 30 முதல் 45 நிமிடக் காற்று இடைவெளி காரத்தன்மையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்; போதாவிட்டால் நாளுக்கு 5 கிலோ சுண்ணாம்புத் தூளை நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகச் சேருங்கள்.

வடிகட்டியும் குளோரினும்

இவை கடைசி மெருகு மட்டுமே. படிவுத் தொட்டியிலிருந்து சேறு வந்துகொண்டிருக்கும்போது மணலை மாற்றுவது பணத்தை வீணாக்குவது. மணல் வடிகட்டியின் இரு பக்க அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவைத் தாண்டினால் 10 நிமிடம் திருப்பிக் கழுவுங்கள். கழுவிய நீர் சமநிலைத் தொட்டிக்குப் போகட்டும்.

லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் என்றால் நாளுக்கு 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) 5 லிட்டர். அரை மணி நேரம் கழித்து 0.5 முதல் 1 வரை மிச்சம் காட்ட வேண்டும். கேன் வெயிலில் கிடந்தால் சில வாரங்களிலேயே வலு குறையும். இருட்டான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். இரு மடங்கு ஊற்றியும் மிச்சம் காட்டவில்லை என்றால் நீரில் அம்மோனியா நிற்கிறது. குறை காற்றூட்டத் தொட்டியில் இருக்கிறது, அங்கே திரும்பிப் போக வேண்டும். ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறது என்று குடியிருப்போர் புகார் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஒப்பந்தமும் பதிவேடும்

குறைந்த விலை ஏ.எம்.சி.யை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுப்பதுதான் சங்கங்கள் தாமே போட்டுக்கொள்ளும் தடை. கேட்கும் தொகை இரண்டு ஆபரேட்டர்களின் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக்கூடப் போதாது என்றால், காவலாளியையோ பிளம்பரையோதான் அவர்கள் ஆபரேட்டர் என்று காட்டப் போகிறார்கள். ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: வெளியேறும் நீரின் தரத்துக்கு நிறுவனம் பொறுப்பு, பெல்ட், கியர் ஆயில், வால்வு போன்ற உதிரிகள் யார் செலவு, உபரிப் புளோயரும் பம்பும் எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், மாதம் எடுக்கும் சேற்றின் குறைந்தபட்ச அளவு. கடைசியாகச் சொன்ன வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருப்பதில்லை. அதை எழுதினால்தான் சேறு வெளியே போகும்.

பதிவேட்டில் ஏழு எண்கள் போதும்: வரத்து மீட்டர், குடுவையின் 30 நிமிட அளவு, பி.எச்., புளோயர் அழுத்தம், புளோயர் ஓடிய மணி, வெளியே எடுத்த சேறு, மிச்சக் குளோரின். ஒரு மாதம் முழுக்கக் குடுவை எண் 300 என்றே எழுதியிருந்தால் யாரும் அளக்கவில்லை. சங்கத்தில் ஒருவர் வாரம் ஒருமுறை முன்னறிவிப்பின்றிப் போய், தானே குடுவையை நிரப்பிப் பார்க்க வேண்டும்.

தரம் எவ்வளவு என்பதை உங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையில் பாருங்கள். 2017 அக்டோபர் மத்திய அறிவிக்கை பெருநகரங்களில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம், பிற இடங்களில் 30 என்று வைத்தது; 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 வரை இறக்கியது. உங்கள் ஆணையில் எழுதியிருப்பதே உங்களைக் கட்டுப்படுத்தும். மாதிரியை ஒப்பந்தக்காரர் எடுத்துக் கொடுக்க விடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே, காலைப் பெருவரத்து நேரத்தில், குளோரின் சேர்க்கும் இடத்துக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக எடுக்கட்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பார்கள். பி.ஓ.டி. நன்றாக வந்து, குடல் கிருமிகளான கோலிஃபார்ம் மட்டும் கூடியிருந்தால் ஹைப்போவின் வலுவையும், குளோரின் தொட்டியில் நீர் உண்மையிலேயே அரை மணி நேரம் தங்குகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டுமே மோசமென்றால் குடுவையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.